யாருக்குப் பாடணும்?

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. பெரிய காரணமெல்லாம் இல்லை, பயம்தான். இப்போது அவளுக்கு ஒரு மேனேஜர் இருக்கிறார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே சாப்பிடுகிற ஆள். அவள் பெயரை ஒரு பேனரில் போடுவதானால்கூட அவரைக் கேட்டுத்தான் போட வேண்டுமாம். நான் அவளை முதலில் பார்த்தபோது அவளுக்கு மேனேஜரும் கிடையாது, காலில் செருப்பும் கிடையாது. அதனால் அந்தப் பெண் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு அதற்குமேல் அடையாளம் தேவைப்படாது.

நான் மைக் செட் போடுகிறவன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்பீக்கர்தான் போகும். எங்கள் பக்கம் சாவு விழுந்தால் ஒப்பாரி பாட ஆள் வைப்பார்கள், அதுவும் மைக்கில்தான். வாசலில் பாடினால் அடுத்த ஊருக்குக் கேட்க வேண்டும், இல்லையென்றால் மகன்கள் கஞ்சம் என்று பேச்சு வந்துவிடும். அந்தப் பெண்ணின் அம்மா இந்த வேலையில் பேர் வாங்கியவர். வடக்கனந்தலுக்கு அந்தப்புறம், மலையடிவாரத்தில் ஒரு காலனி. கரும்பு வெட்டு வந்தால் கரும்பு, களையெடுப்பு வந்தால் களை, சாவு வந்தால் பாட்டு. இப்படித்தான் அவர்கள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று மகள் மைக் முன்னால் உட்கார்ந்தாள். பதினெட்டு வயதிருக்கும். நான் ஆம்ப்ளிஃபயரைத் தட்டிவிட்டு, பாடலாம் என்று சைகை காட்டினேன். அவள் பாடவில்லை. இறந்தவரின் மூத்த மகனைப் பக்கத்தில் கூப்பிட்டு, கணக்கெடுக்க வந்தவள் மாதிரி ஆரம்பித்தாள்.

"அப்பா பேரு இன்னாங்க?"

சொன்னார்.

"உங்கள இன்னான்னு கூப்புடுவாரு?"

"பெரிய தம்பின்னுவாரு."

"இன்னா சாப்புட ஆசப்படுவாரு?"

மூத்தவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தங்கையைப் பார்த்தார். தங்கை பந்தலைப் பார்த்தார்.

"சோறுதான் சாப்புடுவாரு" என்றார் மூத்தவர்.

"அது எல்லாரும் சாப்புடறதுங்க. அவரு எதுக்கு ஆசப்பட்டாரு?"

மைக் ஆனில் இருக்கிறது. தெரு முழுக்கக் கேட்கிறது. பெற்ற அப்பனுக்கு என்ன பிடிக்கும் என்று மூன்று பிள்ளைகளுக்கும் தெரியவில்லை என்பதை ஸ்பீக்கர் ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தது. கடைசியில் எதிர்வீட்டு அம்மாள்தான் வந்து சொன்னார். அவித்த வேர்க்கடலை. உரித்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தோலைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். அந்தப் பெண் அதை வாங்கிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். கடலைத் தோல் வந்த இடத்தில், அதுவரை செல்போனில் யாரிடமோ பத்திரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மூத்த மகன் போனைக் கீழே போட்டுவிட்டு அழுதார்.

பிறகு அவள் அம்மாவிடம் கேட்டேன், எதற்கு இத்தனை கேள்வி, பொதுவாக நாலு வரி பாடினால் போதாதா என்று.

"பேரு தெரியாம வாயத் தொறக்கக் கூடாதுங்க. பாட்டு யார் வூட்டுக்குப் போறதுன்னு தெரியாம தெருவுலயே நிக்கும்" என்றார்.

அம்மாவுக்கு இது தொழில் நுணுக்கம். மகளுக்கு ரத்தத்தில் ஏறிவிட்டது. யாருக்கு என்று தெரியாமல் அவளால் முனகக்கூட முடியாது. ஒருமுறை என் கடை பீரோவைத் தட்டிக்கொண்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். உற்றுக் கேட்டால் என் பழைய ஆம்ப்ளிஃபயருக்குப் பாடுகிறாள். அது சூடாகி நிற்பதும், நான் அதைத் திட்டுவதும் பாட்டில் வருகிறது.

ஆறு மாதம் போயிருக்கும். ஒரு கல்யாண மண்டபத்தில் செட் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா தவறுதலாக மூட்டையோடு கொண்டுபோய்விட்ட என் மைக் ஒயரைக் கொடுக்க அந்தப் பெண் வந்தாள். மேடை முழுக்கப் பூ. மண்டபத்தில் யாரும் இல்லை.

"ஒரு வாட்டி பாடிப் பாக்கட்டுமாண்ணா? டெஸ்டிங்தான்."

எனக்கும் டெஸ்டிங் வேண்டியிருந்தது. சரி என்றேன். வாசல் போர்டில் கல்யாணப் பெண்ணின் பெயரைப் படித்துவிட்டு வந்து இரண்டு வரி பாடினாள். இரண்டே வரி. சமையற்கட்டிலிருந்து கல்யாணப் பெண்ணின் பெரியம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

"யோவ், நிறுத்துயா! இது கருமாதிக்குப் பாடற கொரலு. எங்க மாமியாருக்கு இதான் பாடிச்சி. கல்யாண வூட்ல இன்னாயா இது?"

நான் மைக்கை வாங்கிக்கொண்டேன் என்று எழுதலாம். பிடுங்கினேன் என்பதுதான் உண்மை. அவள் படியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இருக்கறது ஒரு வாயிதாண்ணா. சாவுக்கு ஒண்ணு, கல்யாணத்துக்கு ஒண்ணு எங்க போயி வாங்கறது?" என்றாள். பிறகு, "ஒரே ஒரு கல்யாண மேடையில ஏறணும்ண்ணா. பொண்ணு மாப்ள சிரிச்சிக்கினு இருக்கணும், நான் பாடிக்கினு இருக்கணும். அவ்ளோதான்" என்றாள்.

எனக்கு அவளை அங்கிருந்து அனுப்ப வேண்டும். பெரியம்மா இன்னும் கரண்டியோடு நிற்கிறார். "டிவியில வந்தவங்களத்தான்மா கல்யாணத்துக்குக் கூப்புடுவாங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் அதை வழி சொன்னதாக எடுத்துக்கொண்டாள்.

அடுத்த பொங்கலுக்கே மூங்கில்துறைப்பட்டில் ஒரு பாட்டுப் போட்டியில் பெயர் கொடுத்துவிட்டாள். செட்டு நம்முடையது. நடுவராக ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். இவள் முறை வந்தது. மைக்கைப் பிடித்து, "யாருக்குங்க பாடணும்?" என்றாள்.

"பொதுவா பாடும்மா" என்றார் நடுவர்.

"பொதுவுக்குப் பேரு இன்னாங்க?"

கூட்டம் சிரித்தது. நடுவர் சிரிக்கவில்லை. அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். பந்தலுக்குப் பக்கத்தில் ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்கள் வரிசையில் நின்றன. முன்னால் நின்ற வண்டி டிரைவரைக் காட்டி, "தோ, அவருக்குப் பாடறேன்" என்றாள். அவர் திரும்பிப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். பெயரைக் கேட்டாள், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள், எத்தனை நாளாக வரிசையில் நிற்கிறார் என்று கேட்டாள். ஒரு பழைய சினிமாப் பாட்டை எடுத்து, அதற்குள் அவரையும் வரிசையையும் வீட்டில் தூங்குகிற குழந்தையையும் ஏற்றிவிட்டாள். டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதுகொண்டிருந்ததில் வரிசை நகர்ந்ததைக் கவனிக்கவில்லை. பின்னாலிருந்த டிராக்டர்களெல்லாம் ஹாரன் அடித்தன. கடைசி சரணம் முழுக்க ஹாரனோடுதான் போனது.

பாட்டின் வரிகளை மாற்றினாள் என்று தலைமையாசிரியர் மார்க்கைக் குறைத்துவிட்டார். இரண்டாம் பரிசு. ஒரு சில்வர் குடம். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம பாடற எடத்துல குடத்த ஒடைப்பாங்க. இங்க பாரு, முழுசா குடுக்கறாங்க" என்றார்.

அடுத்தது வெள்ளிமலை. ஒரு விழாவில் போட்டி. என் சாமான்களையும் அவளையும் அம்மாவையும் ஒரே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். வளைவுக்கு வளைவு அம்மா கண்ணை மூடிக்கொண்டு குலசாமியைக் கூப்பிட்டார். அவள் ஜீப்பிலிருந்து தலையை நீட்டிச் சிரித்துக்கொண்டே வந்தாள். மேலே மழை. கரண்ட் போய் ஜெனரேட்டரில் ஓட்டினோம். அவள் வழக்கம்போலக் கேட்டாள், யாருக்கு என்று.

கூட்டத்திலிருந்து ஒரு மலை விவசாயி கத்தினார். "எங்க வூட்டு பலா மரத்துக்குப் பாடு! மூணு வருசமா ஒரு காயி கெடையாது."

"மரத்துக்குப் பேரு இன்னாங்க?"

"மரத்துக்கு ஏது பேரு? சோம்பேறின்னுதான் திட்டுவோம்."

போதும். சோம்பேறிக்குப் பாடினாள். மரத்தை வைத்த தாத்தாவைக் கேட்டுச் சேர்த்தாள், அதன் நிழலில் நடந்த பிரசவத்தைக் கேட்டுச் சேர்த்தாள். நின்றுகொண்டே செத்துப்போனாயா சோம்பேறி என்று அவள் இழுத்தபோது, அத்தனை நேரம் திட்டிக்கொண்டிருந்த மனிதர், "அது நல்ல மரந்தான்மா, அது நல்ல மரந்தான்" என்று சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒருவர் இதைப் போனில் எடுத்தார். மேலே சிக்னல் இல்லாததால் அந்த வீடியோ கீழே இறங்கிக் கச்சிராயபாளையம் வந்த பிறகுதான் உலகத்துக்குப் போனது. போனது போனதுதான். அடுத்த வருடம் மரம் காய்த்தது என்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர், காய்த்தது தன்னுடைய மரம் என்கிறார்.

அந்த வீடியோவைப் பார்த்துத்தான் ஒரு டிவியிலிருந்து கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு லிஃப்ட் என்றால் பயம். அதனால் கார்டியன் என்று நான் சென்னைக்குப் போனேன். அவளுக்குக் கல்யாணப் பாட்டுப் பாடத்தான் ஆசை. நிகழ்ச்சிக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒப்பாரிதான் வேண்டும், அதுதான் இவளுடைய ஸ்பெஷல் என்றார்கள். மேடைக்கு வந்தாள். மூன்று நடுவர்கள். நடுவில் ஒரு இசையமைப்பாளர், நல்ல பருமன், சிரித்த முகம்.

"யாருக்குங்க பாடணும்?"

"எனக்குப் பாடும்மா" என்றார் அவர் விளையாட்டாக.

அவள் முகம் மாறியது. "நெஜமாவா சார்?"

"நிஜமாத்தான். நான் போயிட்டேன்னே வெச்சுக்கோ." அரங்கமே சிரித்தது.

அந்த மனிதருக்கு எங்கள் ஊர்ப் பெண்ணைத் தெரியாது. சொல்லிவைக்க நானும் பக்கத்தில் இல்லை. அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தாள். சம்சாரம் உங்களை எப்படிக் கூப்பிடுவார், எத்தனை பிள்ளைகள், கடைசியாக அம்மாவைப் பார்த்தது எப்போது, என்ன சாப்பிட ஆசைப்படுவீர்கள். அவர் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டு வந்தார். இறால் தொக்கு என்றார். ஜிலேபி என்றார். அம்மாவைப் பார்த்தது எப்போது என்பதற்கு மட்டும் பதில் வரக் கொஞ்சம் நேரமானது. பிறகு அவள் மாரில் தட்டிப் பாடினாள்.

"எறாத் தொக்கு மணக்குதய்யா, நீ
எழுந்து வரக் காணலையே
ஏசி ரூமு குளிருதய்யா, உன்
சால்வ மட்டும் கெடக்குதய்யா
ஊர்லேருந்து பெத்தவ வந்து
வாசப்படியில நிக்கறாளே
போனு எடுக்காத எம் மவனே
இப்பவாச்சும் பேசுன்னு கேக்கறாளே"

இரண்டாவது வரியில் அவர் சிரிப்பு நின்றது. நாலாவது வரியில் தன் தோளில் சால்வை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். அம்மா வந்ததும் உடைந்துவிட்டார். பக்கத்து நடுவர் அவர் கையைப் பிடித்து நாடி பார்ப்பதை நானே கண்ணால் பார்த்தேன். நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். அபசகுனம் என்று ஒரு கோஷ்டி, அருமை என்று ஒரு கோஷ்டி. எங்களை ஒரு அறையில் உட்காரவைத்தார்கள்.

"தப்பு பண்ணிட்டனாண்ணா? அவருதானே கேட்டாரு" என்றாள். "இனிமே கல்யாணத்துக்கு எவனும் கூப்புட மாட்டான் இல்ல?"

நான் ஆறுதல் சொன்னேன். நம்பிக்கை இல்லாமல்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் அந்த நடுவர் வரவில்லை. பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய் உடம்பு முழுக்க சோதித்திருக்கிறார். சர்க்கரை எக்கச்சக்கம். அதற்கடுத்த வாரம் வந்து, ஜிலேபியை விட்டுவிட்டேன், அம்மாவைக் கூட்டிவந்து வீட்டில் வைத்திருக்கிறேன், இந்தப் பெண்தான் என்னைக் காப்பாற்றினாள் என்று கேமரா முன்னால் அழுதார். தமிழ்நாடே பார்த்தது. இறுதிச் சுற்றில் அவளுக்கு மூன்றாம் இடம்தான். அம்மாவைப் பற்றிப் பாடிய ஒரு பையன் ஜெயித்தான். கள்ளக்குறிச்சியே கொதித்தது. அவள் மட்டும், "அந்தப் புள்ள அவங்கம்மா பேர வெச்சிப் பாடிச்சிண்ணா. அதுக்குத்தான் குடுக்கணும்" என்றாள்.

புகழ் வந்தது. கல்யாணம் வரவில்லை. வந்ததெல்லாம் வேறு மாதிரி. உயிரோடு இருக்கும்போதே எனக்கு ஒரு ஒப்பாரி பாடு என்று ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் கேட்டவர் வடக்கனந்தல் பக்கத்துப் பெரிய விவசாயி ஒருவர். எண்பது வயது, நல்ல திடகாத்திரம்.

"என் பசங்கள நம்ப முடியாதும்மா. நான் செத்தா டேப்ப போட்டு வுட்டுட்டு வேலயப் பாப்பானுங்க. நீ இப்பவே பாடு. கேட்டுட்டுப் போறேன்."

அவரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லச் சொல்லி அவள் வீடு முழுக்கக் கேட்டாள். ஆளுக்கொரு வேலையைச் சொல்லிக்கொண்டு நழுவினார்கள். கடைசியாக அவர் மனைவியிடம் போனாள். அந்த அம்மாள் மாவு ஆட்டி முடிக்கிறவரை யோசித்தார்.

"கல்யாணம் ஆன புதுசுல எனக்கு ஒரே தலவலி. கள்ளக்குறிச்சி வரைக்கும் சைக்கிள்ல போய் மாத்தர வாங்கினு வந்தாரு."

"அப்பறம்?"

"அதான் சொல்ட்டேனே."

அந்த ஒரு சைக்கிளை வைத்து அரைமணி நேரம் பாடினாள். எதிர்க்காற்று, செயின் கழன்றது, மாத்திரை நனையாமல் மடியில் கட்டிக்கொண்டது. பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் துண்டை எடுத்து மனைவியைப் பார்த்தார்.

"அதுக்கப்பறம் நான் ஒண்ணுமே செய்லியாடி?"

"பாட்டு முடிஞ்சிடுச்சி, எழுந்து சாப்புடுங்க" என்றார் அந்த அம்மாள்.

இவர்தான் தன் பேத்தி கல்யாணத்தில் அவளை மேடையில் ஏற்றியவர். சொந்தக்காரர்கள் எதிர்த்தார்கள். "என் சாவுப் பாட்டயே முழுசாக் கேட்டுட்டு நான் கல்லு மாதிரி ஒக்காந்துக்கினு இருக்கேன். உங்களுக்கு இன்னாடா வந்துடும்?" என்றார். அவள் பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டு பாடினாள். பெண் சிரித்தாள், மாப்பிள்ளை வெட்கப்பட்டான், சமையல்காரர்கள் அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். மைக் நான்தான். என் கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் அவள் தேதியைக் கேட்டுத்தான் முகூர்த்தமே குறித்தார்கள்.

என் மகளுக்குப் போன தை மாதம் கல்யாணம். பத்திரிகை கொடுத்த மறுநாள் அந்தப் பெண் போன் பண்ணினாள். பாப்பா சின்ன வயதில் உங்களை எப்படிக் கூப்பிடும், எதற்கு அடம் பிடிக்கும், யாரோடு சண்டை போடும் என்று கேட்டாள். மகளைப் பற்றிப் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அரைமணி நேரம் சொன்னேன். தேன் மிட்டாயைச் சொன்னேன். சைக்கிளில் விழுந்துவிட்டு, பதறிப்போன என்னை அதுவே சமாதானப்படுத்தியதைச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் என் மனைவி சொன்னாள். "அது ஊரு ஒலகத்துக்கெல்லாம் பாடட்டும். நம்ம பொண்ணு கல்யாணத்துல மட்டும் வேணாங்க. உங்கம்மா சாவுக்கு அவங்கதானே பாடுனாங்க."

நான் வாதாடவில்லை. மனைவி மேல் பழியைப் போடுவது சுலபம். எனக்கும் உள்ளே ஒரு மூலையில் அந்தப் பயம் இருந்தது. விழுப்புரத்தில் வேறு பாட்டுக் குழுவுக்குச் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு மேனேஜர் இல்லாமல் அம்மாவோடு வந்தாள். பட்டுப் புடவை. மேடையில் வேறு யாரோ பாடுவதைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். பிறகு மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். சுற்றி நின்று செல்ஃபி எடுத்தவர்களுக்கெல்லாம் சிரித்தாள். என் சம்பந்தி ஒன்றும் தெரியாமல் ஒரு மைக்கைக் கொண்டுபோய் அவள் முன்னால் நீட்டி, "ஊரு பேர காப்பாத்துன பொண்ணு, ஒரு பாட்டு பாடக் கூடாதா?" என்றார். மண்டபமே திரும்பியது. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் குனிந்து ஆம்ப்ளிஃபயரில் எதையோ திருகினேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள்.

"தொண்ட கட்டிக்கிச்சிங்க. காத்தாலேருந்து பேச்சே வர்ல" என்றாள். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்.

பந்தியில் அவள் அம்மாவுக்கு நானே பரிமாறினேன். அவர் இலையைப் பார்த்தபடியே பேசினார்.

"ஒரு வாரமா வூட்ல ஒரே பாட்டுதாங்க. பாப்பா பேரு, தேன் முட்டாயி, சைக்கிளு, எல்லாத்தயும் வெச்சிக் கட்டிக்கினு இருந்துது. நல்லா வந்திருக்குது. அப்பளம் இருந்தா ஒண்ணு போடுங்க."

அப்பளம் எடுக்கப் போனவன், கை கழுவுகிற இடத்தில் நின்று கொஞ்சநேரம் அழுதேன். இன்றைக்கும் அவள் போன் பண்ணினால், "பாப்பா நல்லா இருக்குதாண்ணா?" என்றுதான் முதலில் கேட்கிறாள். அந்தப் பாட்டைக் கொஞ்சம் பாடிக் காட்டம்மா என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.